லேமினேஷன் போட்ட குடும்பம்

அந்தக் காகிதம் இயந்திரத்துக்குள் போவதை அப்பா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெங்களூர் தொம்மலூரில் எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை. பிளாஸ்டிக் சூடாகும் வாடை. இயந்திரம் காகிதத்தை ஒரு பக்கம் விரல் அகலம் விரல் அகலமாக விழுங்கி, மறுபக்கம் பளபளவென்று வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

"காத்துக் குமிழி வராம போடுங்கண்ணா," என்றார் அப்பா.

"வராது. ஏன் இப்டி டென்ஷன் ஆவுற? இன்னா அது, பத்திரமா?"

"அதவிட முக்கியம். பாப்பா பிரெஞ்சுல நூத்துக்கு நூறு."

கடைக்காரர் தலையைச் சாய்த்துப் படிக்கப் பார்த்தார். "இங்கிலீஷ் மாதிரியே இருக்குது. ஆனா ஒண்ணும் பிரியல."

"எனக்கும்தான் பிரியல," என்றார் அப்பா. இவ்வளவு பெருமையாக அவர் அதற்கு முன்னும் பின்னும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

காகிதம் வெளியே வந்ததும் இரண்டு உள்ளங்கைகளாலும் வாங்கினார். ஓரத்தை ஊதினார். என்னிடம் நீட்டினார். வெதுவெதுப்பாக இருந்தது. இனி இதில் ஓர் எழுத்தைக்கூட அழிக்க முடியாது என்று நினைத்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

கடையைப் பற்றிக் கொஞ்சம்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் பார்க்கிறவர்களுக்காக: என் அப்பா எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். மிக்சி, சீலிங் ஃபேன், வீட்டுத் தண்ணீர்ப் பம்பு, எது எரிந்தாலும் அவரிடம் வரும். திருப்பத்தூர் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே பெங்களூர் வந்தவர். எங்கள் கடையைச் சுற்றி இருந்த ஓட்டு வீடுகள் போய்க் கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. கண்ணாடிக் கட்டடத்தில் வேலை செய்பவர்களின் வீட்டிலும் மிக்சி எரியும் என்பதால் கடை அங்கேயே இருக்கிறது.

நான் மென்பொருள் சோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன். ஒரு செயலி என்ன செய்ய வேண்டும், என்ன செய்கிறது என்று இரண்டு பத்தி போட்டு, வரிசை எண் கொடுத்து எழுதுவது என் தொழில். வரிசை எண் போடும் பழக்கம் கல்லூரியில் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்பாவிடமிருந்து வந்தது.

எரிந்த மோட்டாரை அப்பா உடனே அறுத்துப் போட மாட்டார். முதலில் பழைய காயிலைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணுவார். எத்தனை சுற்று, கம்பி எவ்வளவு தடிமன், அதாவது என்ன கேஜ், மோட்டாரில் எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்கு என்று ஒரு நீள நோட்டில் எழுதுவார். எண்ணும்போது யாரும் பேசக் கூடாது. பேசினால் முதலிலிருந்து எண்ணுவார். "சுமாரா போடுங்கண்ணே, ஓடினா போதும்" என்று வாடிக்கையாளர்கள் சொல்வதுண்டு. "இருந்தது எத்தினியோ அத்தினிதான்" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

இந்தத் தொடர் வரும் வார இதழ் வெளிவந்த அன்றே கடைக்கு வரும். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு என் பக்கத்தை மட்டும் படிப்பார். இதுவரை அவர் சொன்ன கருத்து ஒன்றே ஒன்று. மூன்றாவது அத்தியாயத்தில் சீலிங் ஃபேனுக்கு இருபத்திரண்டு கேஜ் கம்பி என்று எழுதிவிட்டேன்.

"இருபத்திரெண்டுல ஃபேன் கட்டுனா குழியில ஏறவே ஏறாது பாப்பா. அது பம்புக்கு. நாலு பேர் படிக்கிறான், கேட்டு எழுதக் கூடாதா?"

திருத்திக்கொள்கிறேன். முப்பத்தாறு கேஜ்.

எல்லோரும் பூஜ்யத்திலிருந்து

எங்கள் பள்ளி ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் இருந்தது. தொம்மலூரிலிருந்து அவ்வளவு தூரம் போய்ப் படிக்க வேண்டுமா என்று அம்மா கேட்டதற்கு, "கிட்டத்துல இருக்கிற நல்ல ஸ்கூல்ல பாப்பாவ சேர்த்துக்குவாங்களா?" என்று அப்பா கேட்டார்.

கன்னடம் எல்லோருக்கும் உண்டு. ஆறாம் வகுப்பில் அதோடு இன்னொரு மொழியாக இந்தியோ பிரெஞ்சோ எடுக்க வேண்டும். படிவத்தை வைத்துக்கொண்டு அப்பா வெகுநேரம் யோசித்தார்.

"இந்தின்னா வூட்ல பேசுற பசங்க இருப்பாங்க. அவங்க முன்ன போயிடுவாங்க. இது யாரு வூட்லயும் பேச மாட்டாங்க. எல்லாரும் பூஜ்யத்துலருந்து ஆரம்பிக்கணும். அதுல நீ முன்ன வரலாம்."

பொறியாளர்கள் இதை நல்ல உத்தி என்பார்கள். ஒரு சின்னப் பிழை மட்டும் இருந்தது. மொழியில் எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கினோம். மற்ற எதிலும் அப்படித் தொடங்கவில்லை.

உதாரணமாக, மதிய உணவு நேரத்தில் மற்றவர்கள் தங்கள் அப்பாக்களைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சு ஒன்றும் தற்பெருமை இல்லை. அப்பா துபாயிலிருந்து வருகிறார், அப்பாவுக்கு இன்று ஆபரேஷன் தியேட்டர் இருக்கிறது, அப்பாவின் கார் சர்வீஸுக்குப் போயிருக்கிறது. எல்லாம் சாதாரணமாகச் சொல்லப்பட்டவை. சாதாரணமாகச் சொல்லப்பட்டதால்தான் எனக்குக் கூசியது. என் டிபன் பாக்ஸ் மூடியில்கூட அப்பா காயிலுக்குப் பூசும் வார்னிஷ் வாடை அடிக்கிறதோ என்று முகர்ந்து பார்ப்பேன்.

முப்பத்தெட்டு பேருக்கு ஒரே அப்பா

எங்கள் பிரெஞ்சு ஆசிரியை ஷீலா மிஸ். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். தமிழ்க் குடும்பம்தான், எங்களிடம் பாதி ஆங்கிலத்திலும் மீதி தமிழிலும் பேசுவார். ஒரே வாரத்தில் மூன்று பள்ளிகளுக்குப் போய்ப் பாடம் நடத்துகிறவர். எப்போதும் ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் விடைத்தாள் கட்டு. அவர் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை.

ஏழாம் வகுப்புத் தேர்வில் கட்டாயம் வரும் கேள்வி ஒன்று உண்டு: உன் குடும்பத்தைப் பற்றிப் பத்து வரி எழுது. அந்தப் பத்து வரியை மிஸ் நோட்ஸாகச் சொல்லி எழுத வைத்துவிடுவார்.

தமிழில் சொன்னால் இப்படி இருக்கும். என் பெயர் இன்னது. எங்கள் குடும்பம் சிறியது. என் அப்பா என்ஜினியர். அவர் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை செய்கிறார். என் அம்மா மருத்துவர். எனக்கு ஒரு தம்பி. எங்கள் வீடு பெரியது, தோட்டம் உண்டு. எங்களிடம் ஒரு பூனை இருக்கிறது. அதன் பெயர் மிமி. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கடற்கரைக்குப் போகிறோம்.

பெங்களூரிலிருந்து எந்தக் கடற்கரைக்கு என்று யாரும் கேட்கவில்லை.

"ஜஸ்ட் பைஹார்ட் இட், மா," என்பார் மிஸ். "சொந்தமா எழுதினா தப்பு வரும். தப்பு வந்தா நான் கட் பண்ணணும். எனக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம்."

ஆகவே எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டு பேருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே பூனை. மிஸ் ஓர் இரவில் அந்தப் பூனையை எத்தனை முறை படித்திருப்பார் என்று இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மனப்பாடம் எனக்கு வரும். வரிக்கு எண் போட்டேன். ஒவ்வொரு வரியிலும் எத்தனை சொற்கள், எந்த எழுத்தின் தலையில் கோடு, எந்தச் சொல்லில் கடைசி எழுத்து எழுதப்பட்டும் உச்சரிக்கப்படாது என்று அட்டவணை போட்டேன். பாடப் புத்தகத்தில் தொழில்களின் பட்டியல் ஒன்று இருந்தது. பன்னிரண்டு தொழில்கள், பன்னிரண்டு சின்னப் படங்கள். மருத்துவர், ஆசிரியர், என்ஜினியர், வக்கீல், நர்ஸ், ரொட்டிக் கடைக்காரர், விவசாயி, பாடகர். பத்தாவதிலிருந்து முடிதிருத்துபவர், சமையற்காரர், மாணவர். ஒன்பதாவதைப் பிறகு சொல்கிறேன்.

ஆண்டுத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கினேன். பள்ளியில் பிரெஞ்சுக்கு அதுவரை யாரும் வாங்கியதில்லை என்று மிஸ் சொன்னார். அதில் வியக்க ஒன்றும் இல்லை. வேறு யாரும் பூனைக்கு அட்டவணை போட்டிருக்க மாட்டார்கள்.

"என்ன சொன்னே?"

முதல் மதிப்பெண் வாங்கியவர்கள் ஆண்டு விழா மேடையில் ஆளுக்கு இரண்டு நிமிடம் ஏதாவது செய்ய வேண்டும். கணக்கில் முதலாவதாக வந்தவனுக்குக் கையை மட்டும் குலுக்கினார்கள். கணக்கை மேடையில் என்ன செய்வது? பிரெஞ்சு என்றால் வாசிக்கலாம். என் பத்து வரிகளைத் தடிமனான தாளில் அழகாகப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். கீழே மதிப்பெண், மிஸ்ஸின் கையெழுத்து, பள்ளி முத்திரை.

அப்பா அன்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு அம்மாவுடன் வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நாலாவது வரிசையில் மடக்கு நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவியிருப்பார். ஆனாலும் நகக்கண்ணில் வார்னிஷ் பழுப்பு போகாது. அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்ததை மேடையிலிருந்து பார்த்தேன்.

வாசித்தேன். மூன்றாவது வரியில் என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. கைதட்டினார்கள். அப்பா தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து, எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினார்.

பேருந்து நிறுத்தத்தில் கேட்டார்.

"என்ன பாப்பா சொன்னே அவ்ளோ நேரம்?"

"நம்ம ஃபேமிலியப் பத்திப்பா."

"என்னையப் பத்தியும் இருக்குதா?"

"இருக்கு."

"என்னான்னு?"

"நல்லா வேலை செய்வாருன்னு."

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா? அத்தினி பேர் எதுர்ல சொல்லியிருக்குது."

"எனக்கு என்ன சொன்னே?" என்றார் அம்மா.

"நீயும்தாம்மா."

"நானும்தான்னா? எனக்கு அவ்ளோதானா?"

மறுநாள் காலைதான் ஜெராக்ஸ் கடை. அன்று மாலைக்குள் காகிதம் எங்கள் கடைச் சுவரில் ஏறிவிட்டது. சாமி படத்துக்குக் கீழே, கேஜ் கம்பிச் சுருள்கள் தொங்கும் ஆணிகளுக்கு மேலே. கடைக்கு வருகிறவர்கள் நிற்கும் இடத்திலிருந்து நேராகத் தெரியும் உயரம். டேப் வைத்து அளந்து அடித்தார்.

இடையில் ஒன்று

எட்டாம் வகுப்போடு பிரெஞ்சு முடிந்தது. அந்த மொழியில் எனக்கு இன்று ரயில் டிக்கெட் கேட்கத் தெரியாது, வழி கேட்கத் தெரியாது, பசிக்கிறது என்று சொல்லத் தெரியாது. அந்தப் பத்து வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

வேலைக்கு விண்ணப்பித்தபோது தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் 'பிரெஞ்சு, தொடக்க நிலை' என்று எழுதியிருந்தேன். கட்டம் காலியாக இருந்தால் எனக்குப் பிடிக்காது. இரண்டு வருடம் கழித்து ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. முதல் அழைப்பிலேயே என் மேலாளர், "எங்க சுகன்யாவுக்கு உங்க பாஷை தெரியும்" என்று பெருமையடித்தார். திரையில் அந்தப் பக்கம் ஓர் அம்மாள், நரைத்த தலை, சிரித்த முகம். ஏதாவது பேசு என்றார்.

பதினாலு பேர் திரையில் காத்திருந்தார்கள். என் வாய் திறந்தது. என் அப்பா என்ஜினியர், அவர் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை செய்கிறார் என்று அது சொன்னது.

"அப்படியானால் உங்களுக்கு இது பரம்பரைத் தொழில்," என்று அவர் ஆங்கிலத்தில் பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.

என் சுயவிவரத்தில் இருந்த அந்த வரியை அன்றே அழித்தேன். அது லேமினேஷன் போடாதது.

மிக்சி கொண்டு வந்த பெண்

இது அந்த அழைப்புக்கு முன்னால், நான் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. எட்டொன்பது வருடங்களாகச் சுவரில் இருந்த காகிதத்தை யாரும் படித்ததில்லை. பார்ப்பார்கள், அப்பா சொல்வதைக் கேட்பார்கள், தலையாட்டுவார்கள். பிளாஸ்டிக்கின் ஒரு மூலை மஞ்சளாகியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை பவித்ரா என்ற பெண் மிக்சியோடு வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, பக்கத்துக் கட்டடத்தில் வேலை. நான் கல்லூரியில் இருந்தேன். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போன அம்மா கடையில் இருந்தார். நடந்ததை அம்மாதான் பிறகு எனக்குச் சொன்னார்.

மிக்சியை அப்பா கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் சுவரைப் பார்த்திருக்கிறாள்.

"அங்கிள், இது பிரெஞ்சுங்களா? நான் இப்பத்தான் வீக்கெண்ட் கிளாஸ் போயிட்டிருக்கேன். இந்தப் பாடம் போன வாரம்தான் முடிச்சோம்."

"என் பொண்ணு எழுதுனதும்மா. நூத்துக்கு நூறு. படிங்க, படிங்க. எங்களுக்கும் என்னான்னு தெரியல."

அவள் ஆசையாக வரிவரியாகப் படித்துத் தமிழில் சொல்லியிருக்கிறாள். தொடக்க நிலை மாணவியால் தொடக்க நிலைப் பாடத்தை முழுதாகப் படிக்க முடியும். நான் இதை யோசித்தே இருக்கவில்லை. பிரெஞ்சு தெரிந்த மேதை ஒருவர் மிக்சியோடு வருவார் என்றுதான் அவ்வப்போது பயந்திருக்கிறேன்.

"எங்கப்பா என்ஜினியர், பெரிய கம்பெனில வேலை... நீங்க முன்னால கம்பெனில இருந்தீங்களாங்க அங்கிள்?"

அப்பா ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாராம்.

"அம்மா டாக்டர்," என்று அடுத்த வரியைப் படித்துவிட்டு, டிபன் கேரியரோடு நின்ற என் அம்மாவைப் பார்த்தபோதுதான் அந்தப் பெண்ணுக்கு விளங்கியிருக்கிறது. தோட்டத்தைக் கொஞ்சம் மெதுவாகப் படித்தாளாம். பூனையை இன்னும் மெதுவாக. கடற்கரைக்கு அவள் போகவில்லை.

"சனிக்கெழம வாங்கம்மா. ஃபீல்டு காயில் போயிருக்குது," என்றாராம் அப்பா.

பூனை

ஞாயிற்றுக்கிழமை மதியம். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா அதுவரை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"பாப்பா, அந்தப் பேப்பர்ல பூனை ஒண்ணு வருதாமே?"

என் கை தட்டிலேயே நின்றது.

"ம்."

"நம்ம வூட்ல பூனை எப்ப இருந்துச்சு?"

"இல்லப்பா. அது நோட்ஸ்ல இருந்தது."

"பேர்கூட இருக்குதாம்."

"மிமி."

"மிமி," என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். கேஜ் அளவைச் சரிபார்க்கும் குரல். "இந்த ரூம்ல நாம மூணு பேர் காலு நீட்டவே எடம் இல்ல. அது எங்க படுக்கும்?"

அம்மா சிரிக்கவில்லை. "என்னைய டாக்டராக்கிட்டாளே, அதக் கேளு. ஊசி போடுறேன்னு எவனோ சொல்லியிருப்பான். நான் புடிக்கிறது ஜாக்கெட்டுக்கு ஹூக் தைக்கிற ஊசி."

"வுடு, புள்ளைங்க பாடம் அது," என்றார் அப்பா.

அம்மா தன்னைப் பற்றிக் கேட்டார், இல்லாத தம்பியைப் பற்றியும் கேட்டார். அப்பா பூனையைத் தாண்டி வரவே இல்லை. தன்னைப் பற்றிய வரியை அவர் கேட்பார், கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் அழுதிருப்பேன், உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

கை கழுவிவிட்டு வந்து துண்டில் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவங்க பாஷைல நம்ம வேலைக்கு வார்த்த இருக்காது போல."

அது கேள்வி இல்லை. நான் விழாமல் இருக்க என் முன்னால் அவர் நகர்த்தி வைத்த நாற்காலி மாதிரி. நான் உட்கார்ந்துகொண்டேன்.

"ஆமாப்பா. இல்ல."

"அதானே. நானும் அப்டிதான் நெனச்சேன்," என்றார். அவர் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். "ஏன், அவங்க ஊர்ல மோட்டாரே எரியாதா?"

சனிக்கிழமை

அந்த வாரம் மின்சாரம் சரியாக இல்லாததால் மிக்சி இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போனது. பவித்ரா வந்த சனிக்கிழமை நான் கடையில் இருந்தேன். அப்பா மிக்சியை ஓட்டிக் காட்டினார். சத்தம் சீராக இருந்தது. வார்னிஷ் காய்ந்த புது வாசனை.

"என் பொண்ணும்மா, இவதான் அது எழுதுனது," என்றார். அப்புறம் அவள் கேட்காமலே சொன்னார். "அன்னிக்கு நீங்க தப்பா நெனச்சிருப்பீங்க. அவ மேல தப்பில்ல. அந்த பாஷைல நம்ம வேலைக்கு வார்த்த இல்லியாம். அதான் கிட்டத்துல இருக்கிறதப் போட்டுட்டா."

பவித்ரா என்னைப் பார்த்தாள். அவளும் அதே பாடத்தை முடித்தவள். அவள் புத்தகத்திலும் ஒரு பட்டியல் இருந்திருக்கும். நான் சுவரிலிருந்த கம்பிச் சுருள்களைப் பார்த்தேன்.

"ஆமாங்க அங்கிள்," என்றாள். "அந்த வார்த்தை இருக்காதுங்க."

மிக்சியை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு அவள் எங்கள் கடைக்கு வரவில்லை. மிக்சி அதன் பிறகு எரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்பா கட்டிய காயில் சீக்கிரம் எரியாது.

அன்றிலிருந்து யார் காகிதத்தைப் பார்த்தாலும் அப்பா இரண்டு செய்திகள் சொல்கிறார். ஒன்று, பாப்பா நூற்றுக்கு நூறு. இரண்டு, அந்த மொழியில் நம் வேலைக்கு வார்த்தை கிடையாது. இரண்டாவதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இல்லை. பிரெஞ்சுக்காரர்களின் குறைபாடு ஒன்றைக் கண்டுபிடித்தவர்போல் சொல்கிறார். போன மாதம்கூட ஒரு டெலிவரி ஆளிடம் அந்த இரண்டாவதைக் கன்னடத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். "நம்ம கெலசக்கே அவர பாஷேலி பதானே இல்லவந்தே." நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை வெளியிலேயே நின்றேன்.

ஒன்பதாவது

போன வாரம் வீடு மாற்றினோம். கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டியில் பிரெஞ்சுப் புத்தகம் கிடைத்தது. பக்கம் நாற்பத்தொன்று. பன்னிரண்டு தொழில்கள். ஒன்பதாவது படத்தில் நீல உடுப்பு போட்ட ஓர் ஆள், கையில் ஸ்பேனர், முன்னால் ஒரு மோட்டார். கீழே இருந்த சொல்லை எந்த ஊர்க்காரரும் அகராதி இல்லாமல் படிக்கலாம். மெக்கானிசியன்.

அந்தச் சொல்லின் கீழே பென்சில் கோடு இருக்கிறது. கோடு என்னுடையது.

மேலே எழுதும்போது இரண்டை விட்டுவிட்டேன். ஒன்று, நோட்ஸ் கொடுத்தபோது மிஸ் சொன்னது: "தொழிலை மட்டும் லிஸ்ட்ல இருந்து மாத்திக்கலாம். மார்க் குறையாது." அவர் இதைத் தெளிவாக, இரண்டு முறை சொன்னார். இன்னொன்று, முதல் மாதத் தேர்வில் நான் மாற்றித்தான் எழுதினேன். என் அப்பா மெக்கானிக். பத்துக்குப் பத்து. மிஸ் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். பக்கத்தில் இருந்த பெண் திரும்பி, "உங்கப்பா மெக்கானிக்கா? எந்த கராஜ்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். கேலி இல்லை. அவர்கள் காருக்கு நல்ல ஆள் தேடிக்கொண்டிருந்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த தேர்விலிருந்து என்ஜினியர். மதிப்பெண் ஏறவில்லை, அதே பத்துக்குப் பத்துதான்.

அப்பா, இதை நேரில் சொல்ல மூன்று முறை கடைக்கு வந்தேன். மூன்று முறையும் நீ சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தாய். எண்ணும்போது பேசக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

நேற்று நீ டீ குடிக்கப் போயிருந்தபோது புத்தகத்தைக் கடையில் வைத்துவிட்டு வந்தேன். கேஜ் நோட்டுக்கு அடியில் இருக்கிறது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு துண்டுக் கம்பியை அடையாளம் வைத்திருக்கிறேன். இருபத்திரண்டா முப்பத்தாறா என்று பார்க்கவில்லை.

சுவரில் இருக்கும் பேப்பரை நீ என்ன செய்தாலும் சரி. மேலிருந்து ஒன்பதாவது படம். எண்ணிப் பார்.